உயிர் காப்பதும் கல்விப் பணியே

(வெள்ளி விழாக் கருத்தரங்கில் தலைமையாசிரியர் ஒருவர் ஆற்றிய உரை)



தெருவிளக்கின் அடியில் பாய் விரித்துத் தொடங்கிய மாலை வகுப்பு இன்று மாடிக் கட்டடமாய் உயர்ந்து நிற்கிறது. இந்த 25 ஆண்டுகளில் நம் சங்கத்தின் துணையால் பட்டம் பெற்றோரின் பெயர்ப் பட்டியல் காலையில் படிக்கப்பட்டது. ஒவ்வொரு பெயருக்கும் கைதட்டல் எழுந்தது. பின்வரிசையில் அமர்ந்திருந்த நாம், அப்பட்டியலில் இல்லாத ஒரு பெயரை மனத்துக்குள் சொல்லிக்கொண்டிருந்தோம். அவனும் நம் மாலை வகுப்பில் படித்தவன்தான். இருந்திருந்தால் இன்று இம்மேடைக்கு வந்திருப்பான். கல்லூரியில் இரண்டாம் ஆண்டு பயிலும்போது அவன் தற்கொலையால் இறந்தான்.

அவன் பெயரை ஈண்டுச் சொல்லப் போவதில்லை. அது அவன் பெற்றோரின் தனித்துயரம். ஆயினும், அவனால் நாம் கற்ற பாடத்தைச் சொல்லாமல் மறைப்பது முறையன்று. விழா நாளில் இப்பேச்சு பொருந்துமா என்று செயலாளரிடம் கேட்டோம். "இந்தக் கூட்டத்தை விட்டால் வேறு எப்போது எல்லாரும் ஒன்றாக இருப்பார்கள் ஐயா? இன்றைக்கே பேசுங்கள்" என்றார். ஆகவே பேசத் துணிந்தோம்.

முதலில் நிலைமையின் அளவை அறிந்துகொள்வோம். தேசியக் குற்ற ஆவணக் காப்பகத்தின் கணக்குப்படி 2022ஆம் ஆண்டில் இந்தியாவில் 1,70,924 பேர் தற்கொலையால் இறந்தனர். அவர்களுள் மாணவர்கள் 13,044 பேர். அதாவது, நாளொன்றுக்கு 35 மாணவர்களுக்கு மேல். தமிழ்நாட்டில் அவ்வாண்டு இறந்தோர் 19,834 பேர். மகாராட்டிரத்துக்கு அடுத்த எண்ணிக்கை நம் மாநிலத்துடையது. உலகெங்கும் 15 முதல் 29 வயது வரை உள்ளோரின் இறப்புக் காரணங்களுள் தற்கொலை மூன்றாம் இடத்தில் இருப்பதாக உலக நலவாழ்வு நிறுவனம் 2021ஆம் ஆண்டின் கணக்கைக் கொண்டு கூறுகிறது. நம் சங்கம் யாருக்காக நடத்தப்படுகிறதோ, அவர்களின் வயதுதான் இது.

ஒரு மனிதர் இந்நிலைக்கு வருவதற்கு ஒற்றைக் காரணம் இருப்பதில்லை. மனநோய், கடன், குடி, குடும்பச் சண்டை, காதல் தோல்வி, உடல்நோய், தேர்வு, அவமதிப்பு ஆகிய பலவும் ஒன்றன்மேல் ஒன்றாய்ச் சேர்கின்றன. இந்நாளில் கைப்பேசியில் படத்தைப் பரப்புவோம் என்னும் மிரட்டலும் சேர்ந்துள்ளது. கடைசியாக விழுந்த துரும்பைப் பார்த்து, "இதற்காகவா?" என்று கேட்கிறோம். அதற்கு முன் முதுகில் ஏறியிருந்த பாரத்தை நாம் பார்த்ததில்லை.

நம் பிள்ளைகளுக்கு மற்றுமொரு பாரம் உண்டு. அதனை ஏற்றியவர்களுள் நாமும் இருக்கிறோம். வீட்டில் முதன்முதலாகக் கல்லூரி வாசலை மிதிக்கும் பிள்ளையிடம், "நீதான் எங்களுக்கு விடிவு" என்கிறோம். தந்தையின் கடன், தங்கையின் திருமணம், தெருவின் மானம் ஆகிய அனைத்தும் அவன் மதிப்பெண்ணில் தொங்குகின்றன. அன்பினால் சொல்வதுதான். ஆனால் தேர்வில் தவறிய அன்று அச்சொல்லே அவன் கழுத்தை நெரிக்கிறது. தன் தோல்வி ஒரு குலத்தின் தோல்வி என்று அவன் எண்ணத் தொடங்குகிறான்.

"படித்த பிள்ளைக்கு என்ன கவலை?" என்று கேட்போரும் உளர். அவர்கள் அண்ணல் அம்பேத்கரின் வாழ்வை நினைத்துப் பார்க்க வேண்டும். கொலம்பியாவிலும் இலண்டனிலும் பயின்று, 1917ஆம் ஆண்டில் அவர் பரோடா அரசின் பணியில் சேரச் சென்றார். அந்நகரில் அவருக்குத் தங்க இடம் கிடைக்கவில்லை. தம்மைப் பார்சி என்று சொல்லிக்கொண்டு ஒரு பார்சி விடுதியில் தங்கினார். சில நாட்களில் உண்மை தெரிந்துவிட, தடியேந்திய கூட்டம் ஒன்று வந்து அவரை வெளியேறச் சொன்னது. நண்பர் இருவரை நாடினார். ஒருவர் இந்து, மற்றவர் கிறித்தவர். இருவரும் ஆளுக்கொரு காரணம் சொல்லிக் கைவிரித்தனர். பம்பாய்க்குப் புகைவண்டி புறப்படும் நேரம் வரை ஒரு பொதுப் பூங்காவில் துயரத்தோடு காத்திருந்தார். பின்னாளில் 'விசாவுக்காகக் காத்திருத்தல்' என்னும் தலைப்பில் அறியப்பட்ட குறிப்புகளில் இதனை அவரே எழுதியுள்ளார்.

உலகின் உயர்ந்த பல்கலைக்கழகக் கல்வியும் அந்த வலியைத் தடுக்கவில்லை. அம்மாலையில் அவருக்கு வேண்டியிருந்தது ஒரு திறந்த கதவு. இன்றும் நகரத்து விடுதியின் மேல்மாடியில், தன் சாதியைக் கேட்டபின் பேச்சை நிறுத்திக்கொண்ட அறைத்தோழர்களிடையே, நம் பிள்ளை ஒருவன் தனியே அமர்ந்திருக்கலாம். அவனுக்குக் கதவு திறப்பது நம் கடமை.

இனி, நாம் இழந்த மாணவனைப் பற்றிச் சொல்ல வேண்டியதைச் சொல்கிறோம். ஒரு சனிக்கிழமை அவன் பள்ளிக்கு வந்தான். நம்மிடமிருந்து பல திங்களுக்கு முன் வாங்கிச் சென்ற ஆங்கில அகராதியைத் திருப்பிக் கொடுத்தான். "இன்னும் படிக்க வேண்டியிருக்கிறதே, நீயே வைத்துக்கொள்" என்றோம். "எனக்கு வேண்டாம் ஐயா. வேறு யாருக்காவது பயன்படும்" என்றான். சில திங்களாக அவன் முகம் வாடியிருந்ததாகக் கேள்விப்பட்டிருந்தோம். அன்று முகம் தெளிவாக இருந்தது. தேறிவிட்டான் என்று மகிழ்ந்தோம். பொதுத்தேர்வு வேலை நெருக்கிக்கொண்டிருந்தது. "நன்றாகப் படி" என்று சொல்லி அனுப்பிவிட்டோம். மூன்றாம் நாள் செய்தி வந்தது.

அன்று நாம் கேட்டிருந்தால் அவன் பிழைத்திருப்பானா? அதனை யாராலும் உறுதியாகச் சொல்ல இயலாது. ஆனால் கேட்கவில்லை என்பது உறுதி. அந்த அகராதி இன்றும் நம் மேசைமேல் இருக்கிறது.

அதன் பின்னரே, மருத்துவர்களிடமும் பயிற்சி முகாம்களிலும் கேட்டு, எச்சரிக்கை அடையாளங்களைக் கற்றோம். அவற்றை நீங்கள் காலத்தோடு அறிந்துகொள்ள வேண்டும்.

முதலாவது, பேச்சு. "நான் இருந்து என்ன பயன்?", "நான் எல்லார்க்கும் பாரம்", "இனி என்னால் உங்களுக்குத் தொல்லை இருக்காது", "தூங்கினால் எழவே கூடாது" என்பன போன்ற சொற்கள். இவற்றை மிரட்டல் என்றும் நடிப்பு என்றும் ஒதுக்குகிறோம். "சாகிறவன் சொல்லிக்கொண்டா சாவான்?" என்பது ஊர்ப்பேச்சு. அது தவறு. தற்கொலையால் இறந்தோருள் பலர் ஏதேனும் ஒரு வகையில் முன்னரே சொல்லியிருக்கின்றனர்.

இரண்டாவது, நடத்தை. தனக்குப் பிரியமான பொருள்களைப் பிறர்க்குக் கொடுத்தல்; வாங்கியதையெல்லாம் திருப்பி அளித்தல்; காரணமின்றி வந்து விடைபெறுதல்; நண்பர்களை விட்டு ஒதுங்குதல்; உணவும் உறக்கமும் குறைதல் அல்லது மிகுதல்; குளியல், உடை முதலியவற்றில் கருத்தின்மை; திடீரெனக் குடியில் மூழ்குதல்; உயிரை மாய்க்கும் வழி தேடுதல்.

மூன்றாவது, திடீர் அமைதி. நெடுநாள் வருந்தியிருந்தவர் எக்காரணமும் இன்றி ஒரே நாளில் தெளிந்தால், அது உண்மையான தேறுதலாகவும் இருக்கலாம். சாகத் துணிந்துவிட்ட முடிவின் அமைதியாகவும் இருக்கலாம். எது என்பதைக் கேட்டால்தான் தெரியும்.

நான்காவது, சூழ்நிலை. தேர்வு முடிவு வரும் நாள், பலர் முன் அவமதிக்கப்பட்ட நாள், நெருங்கியவரை இழந்த காலம், முன்பு ஒருமுறை முயன்று பிழைத்து மருத்துவமனையிலிருந்து திரும்பிய முதல் சில வாரங்கள் ஆகியவை இடர் மிகுந்த காலங்கள். முன்பு முயன்றவரைப் பற்றி, "இனி அந்தப் பக்கம் போகமாட்டான்" என்று அலட்சியமாய் இருத்தல் கூடாது.

இவ்வடையாளங்களுள் ஒன்று இருப்பதனாலேயே ஒருவர் சாகத் துணிந்துவிட்டார் என்று பொருளில்லை. அவரிடம் சென்று கேட்க வேண்டிய நேரம் வந்துவிட்டது என்று பொருள்.

எப்படிக் கேட்பது? இங்குதான் நம்மில் பலர் அஞ்சுகிறோம். சாவைப் பற்றிக் கேட்டால் இல்லாத எண்ணத்தை நாமே ஊட்டியதாகாதா என்று நினைக்கிறோம். அவ்வாறு ஆவதில்லை என்பதை ஆய்வுகள் தெளிவாகக் காட்டியுள்ளன. நேரடியாகக் கேட்பதால் அவ்வெண்ணம் வளர்வதில்லை. பெரும்பாலோர்க்கு நெஞ்சின் பாரம் குறைகிறது.

இதனை நமக்குக் கற்பித்தவர் ஒரு பேராசிரியர் அல்லர். நாம் முன்பு பணியாற்றிய பள்ளியின் சத்துணவுக் கூடத்தில் சமையல் செய்த ஓர் அம்மையார். பத்தாம் வகுப்பு மாணவி ஒருத்தி மூன்று நாட்களாகத் தட்டில் சோற்றை அப்படியே வைத்துவிட்டு எழுந்து போவதை அவர் கவனித்தார். நான்காம் நாள் அப்பெண் தன் கால் கொலுசைத் தோழிக்குக் கழற்றிக் கொடுத்ததைப் பார்த்தார். அடுப்பை உதவியாளரிடம் விட்டுவிட்டு வந்து, அவளைப் புளியமரத்தடியில் உட்கார வைத்தார். "என்ன கண்ணு, சாப்பாடு எறங்கல? மனசுல என்ன?" என்றார். அவள் பேசவில்லை. "செத்துப் போயிரலாம்னு தோணுதா? அத்தகிட்டச் சொல்லு சாமி. நான் திட்டமாட்டேன்" என்றார்.

அப்பெண் உடைந்து அழுதாள். வகுப்பில் உடன் பயில்வோர் சிலர் சாதியைச் சொல்லி இழிவாகப் பேசியது, வீட்டில் படிப்பை நிறுத்தித் திருமணம் பேசியது, இரவெல்லாம் உறக்கமின்மை, அன்று மாலை செய்ய நினைத்திருந்தது ஆகிய அனைத்தையும் சொன்னாள். அம்மையார் அவள் கையைப் பிடித்தபடியே ஒரு பையனை நம்மிடம் அனுப்பினார். நாம் வந்து, தாயை வயலிலிருந்து அழைத்து வந்து, மூவருமாக அவளை அரசு மருத்துவமனைக்குக் கொண்டு சென்றோம். ஏறத்தாழ இரண்டு மணி நேரம் அம்மையார் அப்பிடியை விடவே இல்லை. அந்தப் பெண் பின்னர் படித்து முடித்தாள். இன்று பணியில் இருக்கிறாள். தன் குழந்தையின் காதணி விழாவுக்கு அவ்வம்மையாரைத்தான் முதலில் அழைத்தாள்.

அவ்வம்மையார் எட்டாம் வகுப்பு வரை படித்தவர். நாம் இரண்டு பட்டம் பெற்றவர். அகராதியோடு வந்தவனிடம் நாம் கேட்கத் தவறியதை, கொலுசைக் கழற்றியவளிடம் அவர் கேட்டார். இவ்வுரையில் நாம் சொல்ல வந்த செய்தி இதுவே. கேட்பதற்குப் பட்டம் வேண்டியதில்லை. கண் வேண்டும், நேரம் வேண்டும், துணிவு வேண்டும்.

கேட்டபின் செவி கொடுக்க வேண்டும். நாம் ஆசிரியர்கள், பெரியவர்கள். நமக்கு அறிவுரை சொல்லியே பழக்கம். அந்நேரத்தில் அறிவுரை பயன்படாது. "உன்னைவிடக் கஷ்டப்பட்டவர் எத்தனை பேர்", "பெற்றோரை நினைத்துப் பார்த்தாயா", "இது கோழைத்தனம்", "பாவம்" போன்ற சொற்கள் அவரது வாயை அடைத்துவிடும். தாம் பாரம் என்று கருதும் ஒருவர், இப்போது குற்றவாளி என்றும் கருதத் தொடங்குவார். அவரை நடுவில் மறிக்காமல் பேச விடுங்கள். அழுதால் அழ விடுங்கள். "நீ சொன்னது நல்லதாயிற்று. உனக்கு இவ்வளவு வலி இருந்தது எனக்குத் தெரியாமல் போயிற்று. நான் உன்னோடு இருக்கிறேன். இதற்கு வழி பார்ப்போம்" என்ற அளவே போதும்.

"யாரிடமும் சொல்லாதீர்கள்" என்று அவர் சத்தியம் கேட்கலாம். அச்சத்தியத்தைச் செய்யாதீர்கள். இளைஞர்களே, இதனை உங்களுக்கே சிறப்பாகச் சொல்கிறோம். நண்பனின் மறைபொருளைக் காப்பது நட்பு என்று நினைப்பீர்கள். உயிர் தொடர்பான ஒன்றை மட்டும் மறைத்தல் கூடாது. "ஊரெல்லாம் சொல்லமாட்டேன். ஆனால் உதவக்கூடிய ஒருவரிடம் சொல்வேன். உன்னையும் உடன் அழைத்துச் செல்வேன்" என்று சொல்லுங்கள். அவன் கோபித்துக்கொள்ளலாம். கோபித்துக்கொள்ள அவன் உயிரோடு இருப்பான்.

அடுத்தது, தனியே விடாமை. சாக வேண்டும் என்னும் உந்துதல் அலை போன்றது. உச்சத்துக்கு ஏறிப் பின் இறங்கும். அவ்வலை இறங்கும் வரை உடன் ஓர் ஆள் இருத்தல் வேண்டும். கேடு விளைவிக்கும் பொருள் எட்டும் தொலைவில் இருத்தல் ஆகாது. நம்மில் பலர் கூலி வேலைக்குச் செல்வோர், சிறு நிலம் உழுவோர். பூச்சிமருந்துப் புட்டி அடுப்படி மாடத்திலும் பரண்மேலும் கிடக்கிறது. இவ்வொன்றைத் திருத்தினாலே பல உயிர்கள் பிழைக்கும்.

இதற்குச் சான்று நம் அண்டை நாடான இலங்கை. 1990களின் நடுவில் உலகிலேயே தற்கொலை விகிதம் மிகுந்த நாடுகளுள் ஒன்றாக அது இருந்தது. 1995ஆம் ஆண்டு முதல் மிகக் கொடிய பூச்சிமருந்துகளை ஒவ்வொன்றாகத் தடை செய்தது. அதன்பின் அந்நாட்டின் தற்கொலை விகிதம் பாதிக்கும் கீழே இறங்கியது. மக்களின் துன்பமெல்லாம் தீர்ந்துவிடவில்லை. துன்பத்தின் உச்சியில் கைக்கு எட்டிய பொருள் முன்போல் உயிரைக் கொல்லவில்லை. நம் கடலூர் மாவட்டத்துக் காட்டுமன்னார்கோயில் பகுதிச் சிற்றூர்களிலும் உழவர்கள் பூச்சிமருந்தை வீட்டில் வைக்காமல், பூட்டிய பெட்டிகள் கொண்ட பொது அறையில் வைக்கும் முயற்சி நடந்தது; அதன் ஆய்வறிக்கை 2013இல் வெளியாயிற்று. நம் தெருவிலும் இதனைச் செய்யலாம். இயலாவிடில், வீட்டிலேயே பூட்டி, சாவியை வேறொருவர் வைத்துக்கொள்ளலாம். தேவைக்கு மேல் வாங்கி வைத்தலையும் தவிர்க்கலாம். மாத்திரைகளுக்கும் இது பொருந்தும்.

அடுத்தது, தக்க உதவியிடம் சேர்த்தல். யாரேனும் ஏற்கெனவே தமக்குத் தீங்கு செய்துகொண்டிருந்தால் ஒரு நொடியும் தாழ்த்தாது 108க்கு அழையுங்கள். கை வைத்தியத்தில் நேரத்தைப் போக்காதீர்கள். உப்பு நீரும் சோப்பு நீரும் புகட்டாதீர்கள். மற்ற வேளைகளில் மாவட்ட அரசுத் தலைமை மருத்துவமனையின் மனநலப் பிரிவுக்கு உடன் செல்லுங்கள். முகவரியை எழுதிக் கொடுத்து அனுப்பிவிடுதல் போதாது. பேருந்தில் பக்கத்து இருக்கையில் நீங்களும் அமர வேண்டும்.

இரவு நேரத்தில் என்ன செய்வது? ஒன்றிய அரசு 2022 அக்டோபரில் தொடங்கிய 'டெலி மானஸ்' என்னும் மனநல உதவிச் சேவையின் எண் 14416. கட்டணமில்லை, இரவும் பகலும் தமிழிலும் பேசலாம். தமிழக அரசின் நலவாழ்வு உதவி எண் 104. குழந்தைகளுக்கு 1098. சென்னையில் 1986ஆம் ஆண்டு முதல் தற்கொலைத் தடுப்புப் பணி செய்துவரும் சிநேகா அமைப்பின் எண் 044-24640050. இவ்வெண்களை இன்றே கைப்பேசியில் பதிந்துகொள்ளுங்கள். துன்பத்தில் இருப்பவர் மட்டுமன்றி, அவரைக் காக்க முயல்வோரும் அழைத்து வழி கேட்கலாம்.

காவல் துறை வழக்குப் போடும் என்று அஞ்சிப் பலர் மறைக்கின்றனர். அவ்வச்சம் இனி வேண்டியதில்லை. 2017ஆம் ஆண்டின் மனநலப் பாதுகாப்புச் சட்டத்தின் 115ஆம் பிரிவின்படி, தற்கொலைக்கு முயன்றவர் கடும் மன அழுத்தத்தில் இருந்தவராகவே கருதப்படுவார்; தண்டிக்கப்படமாட்டார்; அவருக்குச் சிகிச்சையும் மறுவாழ்வும் அளிப்பது அரசின் கடமையாகும். 2024 சூலை 1 முதல் நடைமுறைக்கு வந்த புதிய தண்டனைச் சட்டத்தில், இம்முயற்சியைப் பொதுவாகக் குற்றமாக்கிய பழைய 309ஆம் பிரிவு இடம்பெறவில்லை. அரசு ஊழியரைக் கட்டாயப்படுத்தவோ அவர் கடமையைத் தடுக்கவோ செய்யும் முயற்சிக்கு மட்டும் தனிப் பிரிவு உள்ளது. ஆகவே மறைக்காதீர்கள்; மருத்துவரிடம் உண்மையைச் சொல்லுங்கள்.

மருத்துவமனையிலிருந்து திரும்பியவரை நாம் எப்படி நடத்துகிறோம் என்பதும் பெரிது. ஊரார் கிசுகிசுப்பர், உறவினர் ஏசுவர், சிலர் பேச்சையே நிறுத்துவர். அவருக்கு அப்போது வேண்டியது எளிய ஒன்று. உலக நலவாழ்வு நிறுவனத்தின் சார்பில் ஐந்து நாடுகளில் ஓர் ஆய்வு நடந்தது. அவ்வைந்து இடங்களுள் நம் சென்னையும் ஒன்று. முயன்று பிழைத்தவர்களுள் ஒரு பகுதியினரிடம் முதலில் ஒரு மணி நேரம் அமர்ந்து பேசினர். பின்னர் 18 திங்களில் ஒன்பது முறை நேரிலோ தொலைபேசியிலோ நலம் விசாரித்தனர். 2008இல் வெளியான முடிவுப்படி, அவ்வாறு விசாரிக்கப்பட்டோரிடையே தற்கொலை இறப்பு மற்றவர்களிடையே இருந்ததைவிட மிகக் குறைவாக இருந்தது. ஒன்பது முறை "எப்படி இருக்கிறாய்?" என்று கேட்க நம் சங்கத்துக்கு எவ்வளவு செலவாகும்? அதற்கு நிதிநிலை அறிக்கையில் பணம் ஒதுக்க வேண்டியதில்லை.

இங்கு ஓர் ஐயம் எழலாம். "ஐயா, சாதி இழிவும் அநீதியும் நம் பிள்ளைகளைக் கொல்லும்போது, மருத்துவரைப் பார் என்றும் மனத்தைத் தேற்று என்றும் சொல்வது போராட்டத்தைக் கைவிடுவதாகாதா?" என்று ஓர் இளைஞர் நம்மிடம் கேட்டார். நல்ல கேள்வி. 2016 சனவரி 17 அன்று ஐதராபாத் பல்கலைக்கழகத்தின் ஆய்வு மாணவர் ரோகித் வெமுலாவை இழந்தோம். 2017 செப்டம்பர் 1 அன்று, பன்னிரண்டாம் வகுப்பில் 1176 மதிப்பெண் பெற்ற அரியலூர் மாவட்டத்து மாணவி அனிதாவை இழந்தோம். அவ்விழப்புகளை ஒட்டி எழுந்த கேள்விகள் நியாயமானவை. 2025 மார்ச்சில் உச்ச நீதிமன்றம், உயர்கல்வி நிறுவனங்களில் மாணவர்களின் மனநலத்தையும் தற்கொலைகளையும் ஆராய, முன்னாள் நீதியரசர் இரவீந்திர பட் தலைமையில் தேசியப் பணிக்குழு ஒன்றை அமைத்தது. நிறுவனங்களுக்கும் பொறுப்பு உண்டு என்பதற்கு இது சான்று.

ஆகவே இரண்டையும் செய்ய வேண்டும். இழிவு நேர்ந்தால் எழுத்தில் புகார் கொடுங்கள். தனியே கொடுக்காதீர்கள், சங்கத்தைத் துணைக்கு அழையுங்கள். வன்கொடுமைத் தடுப்புக்கான தேசிய உதவி எண் 14566. அதே வேளையில், அப்பிள்ளை இன்றிரவு உறங்கினானா, உண்டானா என்றும் பாருங்கள். வழக்கை நடத்த வாதியும் உயிரோடு இருத்தல் வேண்டும். மறைந்தோரின் படத்துக்கு மாலையிடும்போது அவர்தம் அறிவையும் உழைப்பையும் போற்றுவோம். அவர்களின் சாவை ஒரு வழியாகவோ வீரமாகவோ நம் சிறுவர் முன் காட்டாதிருப்போம். நம் மக்கள் பட்டினியிலும் ஒதுக்கலிலும் உயிரைப் பிடித்துக்கொண்டு தலைமுறை தலைமுறையாக வாழ்ந்து காட்டியவர்கள். நமக்குரிய வீரம் அதுவே.

இனி வரும் ஆண்டுகளுக்காகச் சங்கத்தின்முன் நான்கு வேண்டுகோள்களை வைக்கிறோம்.

ஒன்று, பத்தாம் வகுப்பு, பன்னிரண்டாம் வகுப்புத் தேர்வு முடிவு வரும் நாளில், வெற்றி பெற்றோர்க்கு இனிப்பு வழங்குமுன் தவறியோர் வீட்டுக்கு இருவர் செல்ல வேண்டும். அவ்வாண்டிலேயே துணைத்தேர்வு எழுதலாம் என்பதை எடுத்துச் சொல்லி, விண்ணப்பத்தையும் நிரப்பிக் கொடுக்க வேண்டும்.

இரண்டு, ஒவ்வொரு தெருவிலும் ஓர் ஆணும் ஒரு பெண்ணும் இப்பணிக்குப் பயிற்சி பெற வேண்டும்.

மூன்று, வெளியூர் விடுதிகளில் தங்கிப் பயிலும் நம் பிள்ளைகள் ஒவ்வொருவரிடமும் திங்களுக்கு ஒருமுறையேனும் சங்கத்தின் சார்பில் ஒருவர் பேச வேண்டும். மதிப்பெண்ணைக் கேட்குமுன் நலத்தைக் கேட்க வேண்டும்.

நான்கு, நாம் சொன்ன உதவி எண்களைச் சங்கக் கட்டடத்தின் வாயிற்சுவரில் பெரிய எழுத்தில் எழுதி வைக்க வேண்டும்.

இறுதியாக, இவ்வவையில் அமர்ந்திருக்கும் பிள்ளைகளுள் யாரேனும் ஒருவர், "ஐயா என்னைப் பற்றித்தான் பேசுகிறார்" என்று எண்ணிக்கொண்டிருக்கலாம். அப்பிள்ளைக்கு ஒரு சொல். உன்னிடம் நாங்கள் கடன் வசூலிக்க வரவில்லை. உன் பட்டத்துக்காக உன்னை நேசிக்கவில்லை. நீ தேர்வில் தவறினாலும், வேலை கிடைக்காவிடினும், படிப்பை விட்டு ஊர் திரும்பினாலும், இந்தத் தெருவில் உனக்கு ஒரு பாயும் ஒரு தட்டுச் சோறும் உண்டு. இன்றைய வலி என்றும் இப்படியே இருக்காது. இதே நிலைக்குச் சென்று மீண்டவர்களுள் மிகப் பெரும்பாலோர் பின்னர் வாழ்ந்திருக்கின்றனர். கூட்டம் முடிந்ததும் நாம் உடனே புறப்படப் போவதில்லை. வேப்பமரத்தடியில் அமர்ந்திருப்போம். வா. பேச வேண்டும் என்றில்லை. வந்து பக்கத்தில் உட்கார்ந்தால் போதும். கேட்க வேண்டியதை இம்முறை நாம் கேட்போம்.